அணைந்து அணைந்து எழும் திரை



இந்த வாரம் கார்களைப் பற்றி எழுதப்போகிறேன் என்றால் உங்களில் சிலர் புன்னகைப்பீர்கள். கடந்த சில மாதங்களில் சபையார் நால்வர் ஒரே முறையீட்டோடு என்னிடம் வந்ததே இதற்குக் காரணம். காரின் முன்பலகையில் உள்ள தொடுதிரை ஓடிக்கொண்டிருக்கும்போதே தானாக அணைகிறது. தயாரித்த நிறுவனத்தின் சின்னம் தோன்றுகிறது. திரை மீண்டும் எழுகிறது. ஐந்து நிமிடத்தில் மறுபடியும் அணைகிறது. விற்பனை நிலையங்களில் இதற்கு இன்ஃபோடெயின்மென்ட் சிஸ்டம் என்று நீண்ட பெயர் சொல்லுகிறார்கள். நம் ஓட்டுநர்களுக்கு அது டச் ஸ்கிரீன்; மூத்தவர்களுக்கு இன்னமும் ஸ்டீரியோதான். பாட்டு, தொலைபேசி, வழி காட்டும் வரைபடம், பின்புறக் கேமரா எல்லாம் அந்த ஒரே திரைக்குள் அடங்கிவிட்டன. சில கார்களில் குளிர்சாதனத்தைக் கூட்டிக் குறைப்பதற்கும் அதைத்தான் தொட வேண்டியிருக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணம் அறியாமல் அணைத்துப் போடுவது பரிகாரமாகாது. காரணம் அறியாமல், "யூனிட் போய்விட்டது, மாற்றுங்கள்" என்று தீர்ப்பளிப்பதும் அவ்வாறே. திரை எப்போது அணைகிறது என்ற கேள்வியைக் கேட்டு, விடையைத் தேடித் தருகிற பொறுமைக்கு வண்டியின் உரிமையாளர் உரிமை உடையவர். அந்தப் பொறுமை இன்று அவருக்குக் கிடைப்பதில்லை.

இது வசதி படைத்தவர்களின் கவலை என்று எண்ண வேண்டாம். என்னிடம் வந்த நால்வரில் ஒருவர் ஆம்பூரைச் சேர்ந்தவர். காலணி நிறுவனத்தில் பல ஆண்டுகள் பணி செய்து, அந்த வேலை போன பின்பு, கடன் வாங்கிப் பழைய கார் ஒன்றை எடுத்து வாடகைக்கு ஓட்டுகிறார். காட்பாடி ரயில் நிலையத்தில் வந்திறங்கும் வங்காளத்து நோயாளிகளையும் வடகிழக்கு மாநிலத்தாரையும் சி.எம்.சி. மருத்துவமனைக்கும் அதைச் சுற்றியுள்ள விடுதிகளுக்கும் கொண்டு சேர்ப்பதே அவருடைய பிழைப்பு. அவர்கள் சொல்லும் விடுதியின் பெயர் இவருக்குப் புரிவதில்லை. இவர் கேட்பது அவர்களுக்குப் புரிவதில்லை. இருவருக்கும் நடுவே பேசுவது அந்த வரைபடம்தான். இரவு பதினொரு மணிக்கு அது அணைந்துவிட்டால், வலியோடு பின்னிருக்கையில் இருப்பவர் ஓட்டுநரைச் சந்தேகிக்கிறார். இரண்டு முறை பயணிகள் பாதி வழியில் இறங்கிவிட்டதாக அந்தச் சகோதரர் சொன்னார்.

இன்னொரு ஆபத்தையும் நினையுங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து ஜனங்கள் கலையும் வேளையில் நம் ஆலய வளாகத்தில் பிள்ளைகள் எங்கெங்கும் ஓடுகிறார்கள். கேமராவையே நம்பிப் பின்னோக்கி ஓட்டப் பழகிய ஒருவருக்கு அந்தக் கணத்தில் திரை கருத்துப்போனால் என்ன ஆகும்? 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களுக்குப் பின்புற உணரிகள் கட்டாயமாக்கப்பட்டுள்ளன. பல கார்களில் திரை அணைந்தாலும் அவற்றின் ஒலி கேட்கும். ஆயினும் திரை பழுதுள்ள காரைப் பின்னோக்கி எடுக்கும்போது ஒருவர் இறங்கி நின்று கை காட்டும் பழைய வழக்கத்தை விடாதீர்கள். ஓட்டிக்கொண்டே திரையைத் தட்டிச் சரிசெய்ய முயல்வதைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டாவுக்கும் ஆம்பூருக்கும் இடையே செல்லும் லாரிகளின் வேகத்தை நீங்கள் அறிவீர்கள்.

ஆம்பூர்ச் சகோதரருக்கு நேர்ந்ததைச் சொல்லுகிறேன். முதலில் அவர் சென்ற பணிமனையில் திரையைப் பத்து நொடி அழுத்தி அணைத்து மறுபடி எழுப்பினார்கள், எழுந்தது, அனுப்பிவிட்டார்கள். மறுநாளே பழைய கதை. இரண்டாம் முறை சென்றபோது முழு யூனிட்டையும் மாற்ற வேண்டும் என்று தொகை எழுதிக் கொடுத்தார்கள். அவருக்கு அது ஏறக்குறைய இரண்டு மாதக் கார்த் தவணை. எதனால் என்று கேட்டதற்கு, "இந்த மாடலுக்கு அப்படித்தான்" என்பதே விடையாக இருந்தது.

பின்பு நண்பர் ஒருவரின் பேச்சைக் கேட்டு, புறவழிச்சாலை ஓரத்தில் சிறு கடை வைத்திருக்கும் ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் சென்றார். அந்த மனிதர் திரையைத் தொடவே இல்லை. எப்போது அணைகிறது என்று கேட்டார். வேகத்தடையில் ஏறி இறங்கும்போதா, ஹாரன் அடிக்கும்போதா, ஏசி போடும்போதா, வெயிலில் நின்ற பிறகா, போனை இணைத்த பிறகா? வேதபகுதியை விளக்குமுன் அது எப்போது, யாருக்கு, எந்தச் சூழலில் எழுதப்பட்டது என்று கேட்க வேண்டும் என இறையியல் கல்லூரியில் எங்களுக்குக் கற்றுத்தந்தார்கள். அந்தக் கடைக்காரர் எந்தக் கல்லூரியிலும் பயிலாமலே அதைச் செய்தார். பெரும்பாலும் மேடுபள்ளத்தில்தான் என்று நம் சகோதரர் யோசித்துச் சொன்னார். முன்பலகையைக் கழற்றிப் பார்த்தபோது, முன்பு டேஷ் கேமரா பொருத்திய யாரோ திரையின் எர்த் ஒயரோடு தங்கள் ஒயரையும் சேர்த்து, வர்ணம் சுரண்டப்படாத இரும்பின்மேல் திருகிவிட்டிருந்தது தெரிந்தது. அந்த இடத்தைத் தேய்த்து, ஒயர்களைத் தனித்தனியாக இறுக்கினார். கூலி முந்நூறு ரூபாய்.

எல்லாப் பழுதும் முந்நூறு ரூபாயில் தீரும் என்று நான் சொல்லவில்லை. நால்வரில் மற்றொருவருக்கு உண்மையாகவே உள்ளிருந்த நினைவகம் கெட்டுப்போயிருந்தது, மாற்றத்தான் வேண்டியதாயிற்று. ஆனால் அதைச் சோதித்து அறிந்த பின்பு மாற்றினார்கள். வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

தோல் தொழிலில் இருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. முடிந்துவந்த தோலின் மேற்பரப்பு தளர்ந்து சுருக்கம் விழுந்தால், அனுபவமுள்ளவர் மேலே இன்னொரு பூச்சுப் பூசி அனுப்பிவிடுவதில்லை. பச்சைத் தோலுக்கு உப்பிட்டது எப்படி, ஊறலில் எத்தனை நேரம் கிடந்தது, சுண்ணாம்பில் அளவுக்கு மிஞ்சி இருந்ததா என்று ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிச் செல்வார். குறை கண்ணுக்குத் தெரிவது கடைசி மேசையில்; பிறந்தது முதல் தொட்டியில். வாணியம்பாடியிலும் பேர்ணாம்பட்டிலும் இராணிப்பேட்டையிலும் தலைமுறைகளாக இருந்துவரும் இந்த அறிவு, கார்ப் பணிமனைகளில் மட்டும் ஏன் இல்லாமற்போக வேண்டும்?

யோசுவாவின் புத்தகம் 7ஆம் அதிகாரத்தை அறிந்தவர்கள், ஆயியில் தோல்வி நேர்ந்த பின்பு காரணம் தேடப்பட்ட முறையை நினைவுகூரலாம். முதலில் கோத்திரம், அதிலிருந்து வம்சம், அதிலிருந்து வீடு, வீட்டிலிருந்து ஒரு மனிதன். அங்கே முடிவு கடுமையானது. நான் எடுத்துக்கொள்வது தேடிய ஒழுங்கை மட்டுமே. பெரிய வட்டத்தில் தொடங்கி ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு வருதல்.

அந்த ஒழுங்கில் முதல் வட்டம் மின்சாரம். ஓய்ந்திருக்கும் நல்ல பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். எஞ்சினைக் கிளப்பும் நொடியில் அது சற்றே இறங்கும்; பலவீனமான பேட்டரியில் மிகவும் இறங்கிவிடும். அப்போது திரை அணைந்து எழுவது திரையின் குற்றமாகாது. எஞ்சின் ஓடும்போது பொதுவாக 14 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். எப்போதும் காலையில் வண்டியைக் கிளப்பும் வேளையில்தான் பழுது தோன்றுகிறது என்றால் பேட்டரிக் கடைக்கே முதலில் செல்லுங்கள். பின்பு ஃபியூஸ், எர்த், ஒயர் முனைகள். வெளியில் வாங்கிப் பொருத்திய திரைகளில் பெரும்பாலும் மஞ்சள் ஒயர் பேட்டரியிலிருந்து நேரே வருவது, சிவப்பு சாவியைத் திருப்பினால் வருவது, கறுப்பு எர்த். இம்மூன்றில் ஒன்று தளர்ந்தாலும் போதும். பின்னோக்கி எடுக்கும்போது மட்டும் அணைந்தால், டிக்கிக் கதவு மடங்கும் இடத்தில் கேமரா ஒயர் அறுந்து உரசுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்த வட்டம், நாமாக உள்ளே கொண்டுவந்தவை. இதைச் சோதிப்பதற்குச் செலவே இல்லை. யுஎஸ்பியில் செருகிய பென் டிரைவை எடுத்துவிடுங்கள். ஆயிரக்கணக்கான பாடல்களில் ஒன்று பழுதுபட்டிருந்தாலும் அதைப் படிக்க முயன்று சில திரைகள் விழுந்துவிடும். (நம் சபையில் பழைய கன்வென்ஷன் பிரசங்கங்கள் கைக்குக் கை பிரதி எடுக்கப்பட்டு எந்த நிலையில் உலவுகின்றன என்பது எனக்குத் தெரியும்.) போனின் கேபிளைக் கழற்றிவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். பழுது நின்றுவிட்டால், போனுக்கும் காருக்கும் உள்ள இணைப்பை இரண்டு பக்கத்திலும் அழித்து, வேறொரு நல்ல கேபிளில் புதிதாக இணையுங்கள். டேஷ் கேமரா, கூடுதல் ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் இருந்தால் அவற்றையும் ஒவ்வொன்றாக விலக்குங்கள். இரண்டை ஒரே நாளில் மாற்றாதீர்கள். மாற்றினால் எது காரணம் என்று தெரியாமலே போய்விடும்.

வெயிலை வேலூர்க்காரருக்கு நான் சொல்லவா வேண்டும்? கத்திரி நாட்களில் நிழலின்றி மூடி நிறுத்திய காரின் உட்புறம் 60 பாகை செல்சியசைத் தாண்டக்கூடும். மின்னணு உறுப்புகள் தங்களைக் காத்துக்கொள்ள அணைவதும் உண்டு. நடுப்பகலில் மட்டும் அணைந்து, மாலையில் ஒழுங்காக இருக்கும் திரையை மாற்றத் துணியுமுன் கண்ணாடிக்கு ஒரு மறைப்பு வாங்கிப் பாருங்கள்.

இவ்வளவுக்கும் பின்புதான் மென்பொருள். நிறுவனம் வெளியிட்ட புதிய பதிப்பை ஏற்றும்போது, முடியும்வரை சாவியை அணைக்கக் கூடாது. பாதியில் நின்ற ஏற்றம் நல்ல திரையையும் முடக்கிவிடும். ஃபேக்டரி ரீசெட் செய்தால் சேமித்த எண்களும் அமைப்புகளும் போய்விடும் என்பதால் அதைக் கடைசிக்கு வையுங்கள். பேட்டரி முனையைக் கழற்றி மாட்டுவதற்குமுன் காரின் கையேட்டைப் படியுங்கள். புதிய கார்களில் அது வேறு சில அமைப்புகளையும் கலைக்கும்.

இவையெல்லாம் நம் கைக்கு எட்டியவை. காரணம் காருக்குள்ளேயே இல்லாமற்போகும் வேளைகளும் உண்டு. அதைப் பிற நாடுகளில் நடந்த மூன்று சம்பவங்கள் காட்டுகின்றன. 2016 ஜூனில் அமெரிக்காவில் பல லெக்சஸ் கார்களின் திரைகள் திடீரென்று அணைந்து எழத் தொடங்கின. போக்குவரத்து, வானிலைச் செய்திகளை அனுப்பும் சேவையிலிருந்து வந்த பிழையான தரவே காரணம்; சரியான தரவை அனுப்பி, பழையதைத் துடைத்த பின்பே நின்றது. 2022 ஜனவரியில் சியாட்டில் நகரில் 2014 முதல் 2017 வரையிலான சில மஸ்தா கார்களில் இதைவிட விந்தையானது நடந்தது. 94.9 என்ற பண்பலை நிலையத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களின் திரைகள் ஓயாமல் அணைந்து எழுந்தன. வேறு நிலையத்துக்கு மாறவும் முடியவில்லை. வானொலியோடு சேர்த்து அனுப்பப்பட்ட படக்கோப்புகளின் பெயரின் முடிவில் அது எவ்வகைக் கோப்பு என்பதைக் காட்டும் எழுத்துகள் இல்லை. அவ்வளவுதான். அதற்கு ஏறத்தாழ 1,500 டாலர் மதிப்புள்ள உறுப்பை மாற்ற வேண்டும் என்று உரிமையாளர்களிடம் முதலில் சொன்னார்கள். விஷயம் வெளியே தெரிந்த பின்பு நிறுவனம் இலவசமாக மாற்றித்தர முன்வந்தது. வானொலி கேட்டதைத் தவிர அந்த மக்கள் செய்த தவறு என்ன?

மூன்றாவது டெஸ்லா. அதன் பழைய கார்களில் திரையை இயக்கிய நினைவகம் 8 ஜிபி. கார் தன் செயல்களையெல்லாம் ஓயாமல் அதில் பதிவு செய்துகொண்டே இருந்தது. அத்தகைய நினைவகத்தை எத்தனை முறை அழித்து எழுதலாம் என்பதற்கு ஓர் அளவுண்டு. அளவு முடிந்ததும் திரை தடுமாறி, அணைந்து, இறுதியில் கேமராவும் போயிற்று. இத்தகைய உறுப்பு காரின் முழு ஆயுளுக்கும் உழைக்கும் என எதிர்பார்ப்பது பொருளாதாரத்துக்கு ஒவ்வாதது என்ற கருத்தில் நிறுவனம் அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்புக்கு எழுதியது. அரசு அதை ஏற்கவில்லை. 2021இல் ஏறத்தாழ 1,35,000 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன.

அந்த நிறுவனத்தின் வாதத்தை நான் முற்றிலும் மறுக்கிறேன். பதினைந்து ஆண்டு ஓடும் வண்டியை விற்றுவிட்டு, ஆறு ஆண்டு உழைக்கும் உறுப்பை அதன் நடுவில் வைத்து, முக்கியமான இயக்கங்களை அதனிடம் ஒப்படைத்தால், அதன் செலவு வைத்தவரையே சாரும். ஐரோப்பாவில் கார்களுக்குப் பாதுகாப்பு மதிப்பெண் வழங்கும் யூரோ என்காப் அமைப்பு 2026 முதல் வைப்பர், ஹாரன், அபாய விளக்கு போன்றவற்றுக்குத் திரைக்கு வெளியே கைக்கு எட்டும் பொத்தான்கள் இருப்பதைக் கணக்கில் எடுக்கிறது. நம் நாட்டிலும் அப்படி ஒன்று வேண்டும்.

கேடு விளைவித்தவரே அதன் செலவைச் சுமக்க வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் வேரூன்றியதற்கு நம் மண்ணின் வழக்கு ஒன்று காரணம் என்பதை இளையோர் மறந்திருக்கலாம். பாலாற்றில் கலந்த தோல் தொழிற்சாலைக் கழிவு குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு அது. ஆற்றையும் தொடுதிரையையும் நான் சமமாக்கவில்லை. பாதிக்கப்பட்டவர் கேட்காதிருந்தால் அந்தச் செலவு அவர் தலையிலேயே இருந்திருக்கும் என்பதை மட்டும் சொல்லுகிறேன்.

ஆகவே கேளுங்கள். பணிமனையில் "சரி பார்த்தோம்" என்ற வாய்ச்சொல்லோடு திரும்பாதீர்கள்; என்ன சோதித்தார்கள், பேட்டரியில் எத்தனை வோல்ட் இருந்தது, மென்பொருள் பதிப்பு எது என்பதை ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள். திரை அணையும் நாள், நேரம், அப்போது கார் என்ன செய்துகொண்டிருந்தது என்பதை நீங்களும் ஒரு தாளில் குறித்துவையுங்கள். உடன் இருப்பவர் போனில் படம் பிடிக்கட்டும். உத்தரவாதக் காலத்துக்குள் இருக்கும் காரைத் தெருவோரக் கடையில் பிரிக்க வேண்டாம்; பழுதுக்கு அதையே சாக்காகச் சொல்லிவிடுவார்கள். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தில் வாகனத் துறையும் இடம்பெற்றிருக்கிறது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், ஆபத்தான குறையுள்ள வாகனங்களைத் திரும்ப அழைக்கக் கட்டளையிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தந்துள்ளது. எத்தனை உரிமையாளர்கள் முறையிட்டார்கள் என்பதும் அதில் கணக்கில் வருகிறது. சலித்துக்கொண்டு பேசாமல் இருப்பவர் அந்தக் கணக்கில் சேர்வதில்லை.

இன்னொரு சொல் நம் வாலிபர்களுக்கு. இராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாட்டா மோட்டார்ஸ் தொழிற்சாலைக்கு 2024 செப்டம்பர் 28 அன்று முதலமைச்சர் அடிக்கல் நாட்டினார். திரைகளால் நிறைந்த கார்கள் நம் வாசலிலேயே உருவாகும் காலம் இது. ஐ.டி.ஐ. முடித்தவர்களும் டிப்ளமோ படிப்பவர்களும் உதிரிபாகத்தைக் கழற்றி மாட்டுவதோடு நிற்காமல், மல்டிமீட்டரைப் பிடித்து வோல்ட் இறங்கும் இடத்தைத் தேடக் கற்றுக்கொள்ளட்டும். ஆம்பூர்ச் சகோதரருக்கு இரண்டு மாதத் தவணையைக் காப்பாற்றிக் கொடுத்தது அந்தத் தேடல்தான்.

வருகிற ஞாயிறு இரண்டாம் ஆராதனைக்குப் பின்பு, மின்பணி அறிந்த நம் சபை வாலிபர் இருவர் மல்டிமீட்டரோடு வளாகத்தின் வேப்பமரத்தடியில் இருப்பார்கள். கட்டணம் இல்லை, பேட்டரியையும் ஃபியூசையும் எர்த்தையும் மட்டும் பார்ப்பார்கள், திரையைக் கழற்றமாட்டார்கள். காரின் கையேட்டையும் நீங்கள் குறித்துவைத்த தாளையும் கொண்டுவாருங்கள். வர இயலாதவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அங்கே தமிழிலும் பேசலாம்.